என் மீட்டர் ஓடட்டும்

எங்கள் படிக்கட்டில் எட்டு வீடுகள். குளிர் போய், ஏசி இன்னும் போடாத மாதங்களில் மற்ற ஏழு வீட்டுக்கும் கரண்டு பில் பூஜ்யம். என் வீட்டுக்கு மட்டும் பில் வரும். தில்லியில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதற்குள் எரித்தால் அரசாங்கமே கட்டிவிடும். தாண்டினால் நாம் கட்ட வேண்டும். நான் தாண்டுவேன். என் கிரைண்டர் அப்படி.

தில்லியின் இந்தத் துவாரகா பகுதிக்குக் குடிவந்த நாளிலிருந்து இட்லி மாவு அரைத்து விற்கிறேன். புருஷன் போன பிறகு வீடும் மீட்டரும் என் பேருக்கு வந்தன. நம்ம ஊர்க் குடும்பங்கள் மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமை தோசை சுடப் பழகிய பஞ்சாபிக்காரிகளும் டப்பாவோடு வருவார்கள். என் கண் ஆபரேஷன் மாவு விற்ற காசில்தான் நடந்தது. மகனிடம் கை நீட்டவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

மாதக் கடைசியில் இந்தப் படிக்கட்டில் நடக்கும் கூத்தைப் பார்க்க வேண்டும். ஆளாளுக்குக் கீழே போய் மீட்டரை எட்டிப் பார்ப்பார்கள். அளவு நெருங்கினால் துணி மெஷின் ஓடாது. சிலர் பிரிட்ஜையே அணைத்துவிட்டுப் பாலைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் இன்னும் கெட்டிக்காரர். மூத்த மகன் தனிக்குடித்தனம் என்று எழுதிக் கொடுத்து ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர் வாங்கிவிட்டார். உள்ளே எரிவது ஒரே அடுப்புதான். பூஜ்யம் மட்டும் இரண்டு.

என் மகனுக்கும் அந்த ஆசை தொற்றியது. தில்லியில் பிறந்தவன், விமான நிலையத்தில் வேலை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அம்மா, கிரைண்டர் பந்த் பண்ணிடு. நம்மளுக்கும் ஜீரோ வரும். கீழ எல்லாரும் மஜாக் பண்றாங்க, உங்க அம்மா ஒருத்திதான் பில் கட்டுறான்னு."

"சிரிக்கட்டும்ல. எரிச்சேன், கட்டுதேன். களவாண்டா எரிச்சேன்?"

அவன் கை கழுவ எழுந்துவிட்டான். ஆனால் கிரைண்டரை வாங்க ஆள் பார்த்து வைத்திருந்தான் என்பது மருமகள் சொல்லித்தான் தெரிந்தது.

அந்த வாரம்தான் சோலார் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்க்கில் கூட்டம் போட்டார். மொட்டை மாடியில் பேனல் வைத்தால் பகலெல்லாம் வெயிலே கரண்டு தரும், மிஞ்சியது லைனுக்குப் போய் நம் கணக்கில் கழியும், மானியம் போக மீதியை நாம் போட வேண்டும் என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நான் அரைப்பதும் உச்சி வெயிலில்தானே. மற்றவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பில்லே பூஜ்யம், இதில் எங்களுக்கு என்ன லாபம்? கம்பெனிக்காரப் பிள்ளை கையிலிருந்த நோட்டீஸை மடித்துப் பையில் வைத்தார். சும்மா கிடைக்கிற சரக்குக்கு எதிரே கடை போட்டால் யார்தான் வியாபாரம் செய்ய முடியும்?

நான் எழுந்து என் அரைகுறை இந்தியில் சொன்னேன். பூஜ்யம் என்பது உங்கள் காகிதத்தில்தான், எங்கோ ஒரு கொதிகலனில் நிலக்கரி எரிகிறது, கார்த்திகை மாசம் மூச்சு விட முடியாமல் மாஸ்க் போடுகிறவர்களும் நாம்தான் என்றேன். மாதாஜி மின்சார மந்திரி ஆகப் போகிறார் என்றார் எங்கள் குடியிருப்பு சொசைட்டி செக்ரட்டரி. மந்திரி ஆனால் முதல் வேலையாக உங்கள் பூஜ்யத்தைத்தான் வெட்டுவேன் என்றேன். அவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

மாடி எல்லோருக்கும் பொது. எட்டு வீடும் சம்மதித்தால்தான் பேனல் ஏறும். வீடு வீடாகப் போனேன். என் காசு, என் பேனல், உங்களுக்குச் செலவில்லை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு மீட்டர்காரர்கூடப் போட்டார். எங்கள் படிக்கட்டிலேயே இருக்கும் செக்ரட்டரி மட்டும் போடவில்லை. இந்தப் படிக்கட்டில் சோலார் ஏறினால், இவர்களுக்கு வசதி வந்துவிட்டது என்று அரசாங்கம் பூஜ்யத்தைப் பிடுங்கிவிடுமாம். அப்படிச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். இன்றைக்கு இல்லை, நாளைக்கு யார் கண்டது என்றார். அவர் பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். சட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறவர்களை நம்பி யார் காசைப் போடுவார்கள்? ஆனால் நான் போடத் தயாராக இருந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டார்.

கிரைண்டர் வாங்குகிற ஆள் ஒரு மத்தியானம் வந்தான். மகனும் வீட்டில் இருந்தான். நான் ஊறவைத்த உளுந்தைக் கல்லில் போட்டு சுவிட்சைத் தட்டினேன். ஓடுகிற கிரைண்டரைத் தூக்க முடிந்தால் தூக்கிக்கொள் என்றேன். வந்தவன் என் மகன் முகத்தைப் பார்த்தான். மகன் தரையைப் பார்த்தான். உளுந்து பொங்கி வரும் வரைக்கும் வந்த ஆள் காத்திருந்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

அந்த மாதமும் பில் வந்தது. மகன் மொபைலில் கட்டிவிடுவதாகச் சொன்னான். வேண்டாம் என்று மாவுக் காசை முந்தானையில் முடிந்துகொண்டு நானே கவுண்டருக்குப் போனேன். உள்ளே இருந்த பிள்ளை பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கொஞ்சம் குறைத்து எரித்திருந்தால் பூஜ்யம் ஆகியிருக்குமே மாதாஜி, யாரும் சொல்லவில்லையா என்று பரிதாபமாகக் கேட்டது.

"எல்லாரும் சொன்னாங்க பையா," என்றேன். "நீ ரசீதைப் போடு."