புள்ள புடிக்கிற டீச்சர்

பள்ளிக்கு எதிரே எழும்பும் கட்டடத்தின் மாடிகளை அண்ணாந்து எண்ணுகிறார் தலைமையாசிரியை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சிமெண்ட் லாரி வரவில்லை என்று காதில் விழுந்தால் அன்று முழுக்க முகத்தில் கல்யாணக் களைதான். "மெதுவாக் கட்டுங்கப்பா, அவசரப்பட்டா நிக்காது" என்று கொத்தனார்களுக்கு அறிவுரை வேறு சொல்வார்.

காரணம் இருக்கிறது. அவருடைய அரசுத் தொடக்கப் பள்ளியில் பாதிப் பேர் அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள். அஸ்திவாரம் தோண்டும்போது வருவார்கள். வர்ணம் அடித்து முடித்ததும் அடுத்த அஸ்திவாரத்துக்குப் போய்விடுவார்கள். தெருவிலிருக்கும் மற்றவர்களோ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியாவது பிள்ளையை டை கட்டும் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகவே கோடை விடுமுறையில் அவர் வீடு வீடாக ஆள் சேர்க்கக் கிளம்புவார். ஆசிரியர்கள் இதைப் 'பிள்ளை பிடிக்கப் போவது' என்பார்கள். தெருவுக்கும் அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. "ஒழுங்கா சாப்பிடு, இல்ல புள்ள புடிக்கிற டீச்சர் வந்துடுவாங்க" என்று தாய்மார் மிரட்டப்போய், அவர் தலையைக் கண்டதும் சேர்க்க வேண்டிய பிள்ளைகளெல்லாம் கட்டிலுக்கடியில். "நான் டீச்சரா, பூச்சாண்டியா?" என்று அவரே சிரித்துக்கொள்வார்.

அவருக்குப் பயம் அம்மாக்களிடம்தான். "எல்லாம் சரி டீச்சர், உங்க பொண்ணு எங்க படிக்குது?" என்று கேட்டுவிடுவார்கள். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அய்யய்யோ, நேரமாச்சே!" என்று நகர்ந்துவிடுவார். அது நின்றுபோய் இரண்டு வருடமாகிறது. பெண்ணுக்கு டை கட்டிவிட்டுத்தான் காலையில் கிளம்புகிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

ஏற்கெனவே ஆட்கள் குடிவந்துவிட்ட பக்கத்துக் கட்டடத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. வாசலிலேயே காவலாளி மறித்தார். "மேல இருக்கறவங்க அனுப்புவாங்களா டீச்சர்? நானே அனுப்பல."

இந்த முறை கொத்தனார்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கட்டடம் முடிந்தேவிட்டது. வரும் புதன்கிழமை மேலிடத்திலிருந்து தலை எண்ண வருகிறார்கள். பதிவேட்டில் முப்பது பெயர் இல்லையென்றால் பள்ளியைப் பூட்டி, பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கமுள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். ஆறு வரிசை வண்டிகளைத் தாண்டி ஏழு வயதுப் பிள்ளை எப்படிப் போகும்? பாதிப் பேர் படிப்பையே விட்டுவிடுவார்கள். ஏற்கெனவே கிளம்பிவிட்டவர்கள் போக, பதிவேட்டில் இருப்பது முப்பத்தொரு பெயர்.

திங்கட்கிழமை காலை, தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய லாரி ஒன்று பள்ளி வாசலில் நின்றது. கொத்தனார் ஒருவரின் மனைவி மூன்று பிள்ளைகளோடு இறங்கி வந்தாள்.

"மூணு பேருக்கும் டி.சி. குடுங்க டீச்சர். இங்க வர்றதுக்கு முந்தி ஒரு ஊருக்கு டி.சி. இல்லாமப் போயி, பெரியவள மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்லயே உக்கார வச்சிட்டாங்க."

முப்பத்தொன்றில் மூன்று போனால் எவ்வளவு என்பது தலைமையாசிரியைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஸ்கூல் சீல எங்கயோ வச்சிட்டேம்மா. வியாழக்கிழமை வாயேன்."

"வியாழக்கிழமை நாங்க எந்த ஊர்ல இருப்போமோ!"

"சீல் உங்க கைப்பையிலதான் இருக்கு டீச்சர்," என்றாள் பெரியவள், உதவி செய்துவிட்ட பெருமையோடு. "பீரோ பூட்டு ஒடஞ்சதுலேர்ந்து அங்கதானே வைக்கிறீங்க?"

"அடி கெட்டிக்காரி!" என்றார் தலைமையாசிரியை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உட்கார்ந்து மூன்று மாற்றுச் சான்றிதழ்களையும் எழுதினார். பெரியவளுடையதில் 'மூன்றாம் வகுப்பு, தேர்ச்சி' என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். பிறகு மை உலர்ந்த முத்திரையை வாயருகே கொண்டுபோய், ஹா என்று ஊதி, ஒவ்வொன்றாக அழுத்தினார்.