ஒட்டுப் போட்ட பத்திரிகை

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. வீட்டில் பேச்சு அடிபட்ட மறுநாளே பள்ளிக்கூடத்தில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்தேன். எங்கப்பாவுக்குக் கல்யாணம் என்றதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கம்மாவோடதான் என்று சொன்ன பிறகும் அவளுக்குக் கலக்கம் தீரவில்லை. டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா கண்ணு?" என்று விசாரித்தார். நல்லா இருக்காங்க டீச்சர், புதன்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸ்ல வெச்சுக் கல்யாணம், ஒருநாள் லீவு வேணும் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் லீவு கொடுத்தார்.

நடந்தது இதுதான். நல்லூரில் எங்கள் வீட்டை ஒட்டி அப்பா ஒரு சின்ன பனியன் கம்பெனி வைத்திருந்தார். எட்டு மெஷின், ஒரு கட்டிங் டேபிள். கம்பெனி அம்மா பேரில் இருந்தது. எங்கள் தெருவில் பாதிக் கம்பெனிகள் பெண்டாட்டிமார் பேரில்தான் இருந்தன. அப்பா விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவதே முதலாளியம்மாவின் வேலை. இந்த ஏற்பாடு புரியாத ஜெர்மனிக்காரர் ஒருவர், முதலாளி என்றால் முதலாளிதான் என்று நம்பி, அங்கே நடக்கும் கண்காட்சிக்கு வரும்படி அம்மாவுக்கே பேக்ஸ் அனுப்பிவிட்டார். வழவழவென்று சுருண்டுகொண்ட அந்தத் தாளைத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போய் வந்தால் இடையில் ஆள் இல்லாமல் நேரடி ஆர்டர் கிடைக்கும். அதுவரை மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுத்தே காலம் தள்ளிய கம்பெனிக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம்.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அதற்குக் கல்யாண சர்டிபிகேட் கேட்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பந்தலில் அருமைக்காரர் முன்னின்று நடத்திவைத்த கல்யாணம்; ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. சர்டிபிகேட் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. இந்த வாரத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும், இல்லையென்றால் கண்காட்சிக்குள் பாஸ்போர்ட் வராது என்று பத்திரம் எழுதுகிறவர் சொல்லிவிட்டார். ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வெளியே வேப்பமரத்தடியில் டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர். கல்யாணப் போட்டோ ஒன்றும் பத்திரிகை ஒன்றும் கொண்டுவரச் சொன்னார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்க்கும் பாக்கியம் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்? பட்டுப்பாவாடையை எடுத்து இஸ்திரி போட வைத்தேன். வகுப்பில் கொடுக்கச் சாக்லேட் வேண்டும் என்று அடம்பிடித்தேன். மாலை வேண்டாம் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டதால், மல்லிகைப்பூ மட்டுமாவது வாங்கித் தரும்படி அம்மாவை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன்.

போட்டோ சுலபமாகக் கிடைத்தது. சுவரில் மாட்டியிருந்ததுதான். அதில் அப்பா கேமராவை முறைத்துக்கொண்டு நிற்பார். அம்மா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார். பூவும் வகிடும்தான் தெரியும், முகம் தெரியாது. கல்யாணப் பெண் என்றால் வெட்கம் இருக்காதா என்று நான் பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

பத்திரிகைதான் ஆட்டம் காட்டியது. அப்பா பீரோவை உருட்டினார், பரண் மேல் ஏறித் தும்மினார். அம்மா மட்டும் எதையும் தேடவில்லை. எல்லாம் கரையான் அரிச்சுப் போயிருக்குமுங்க என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை சாயங்காலம், இனி ஆகாது என்று அப்பா பேக்ஸ் தாளை மடித்துப் பைலுக்குள் வைத்தபோது, அம்மா எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். அடியில் மடித்து வைத்திருந்த கல்யாணக் கூறைச்சேலையைப் பிரித்தார். அதற்குள் மஞ்சள் தடவிய உறையோடு பத்திரிகை இருந்தது.

"இத வெச்சிருக்கறயா நீ?" என்று கேட்ட அப்பாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. எனக்குத்தான் இருந்தது. குதித்தேன்.

மறுநாள் அப்பா அதைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் தொங்கின முகத்தோடு திரும்பி வந்தார். மணமகள் பெயர் அச்சாகியிருந்த இடத்தில் அம்மாவின் பெயரை அச்சடித்த ஒரு வெள்ளைத் துண்டுத்தாளை ஒட்டியிருந்தார்கள். ஒட்டுப் போட்ட பத்திரிகையை ஆபீசர் ஏற்கமாட்டார், கீழே என்ன இருக்கிறது என்று கேட்பார், சுத்தமான பத்திரிகை ஒன்று கொண்டுவாருங்கள் என்றாராம் பத்திரக்காரர்.

"ஒட்டுக்குக் கீழ என்னப்பா இருக்குது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. மிஸ்பிரிண்ட்டு."

அவ்வளவுதானா! மிஸ்பிரிண்ட் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் கம்பெனியில் அது இல்லாத நாளே கிடையாது. பாக்கெட்டில் சைஸ் ஸ்டிக்கர் தப்பாக ஒட்டிவிட்டால் ஆவியில் காட்டி, பசை இளகியதும் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் உரித்தெடுக்க வேண்டும். செக்கிங் செய்யும் அக்காமார்களிடம் இருந்து இதைக் கற்றுக்கொண்டு, அவர்களைவிட நன்றாகவே செய்வேன் என்று பேர் வாங்கியிருந்தேன். ஒட்டுதான் தொந்தரவு என்றால் ஒட்டை எடுத்துவிட்டால் தீர்ந்தது. அடியில் ஏதாவது ஒரு கொம்பு, ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும், பேனாவால் வைத்துவிடலாம்.

அம்மா கொல்லைக்குப் போயிருந்த நேரத்தில் சோற்றுப் பானையின் ஆவியில் பத்திரிகையைக் காட்டினேன். மைதாப் பசை. சமர்த்தாக இளகிக் கொடுத்தது. துண்டுத்தாள் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. கீழே பார்த்தால், கொம்பு விட்டுப்போகவில்லை, பெயரே வேறாக இருந்தது. ருக்குமணி. அம்மா பெயரில் ஓர் எழுத்துகூட அதில் இல்லை. இவ்வளவு பெரிய மிஸ்பிரிண்ட்டை நான் பார்த்ததே கிடையாது. பேனாவுக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்தது. ஆனால் பத்திரிகை சுத்தமாக இருந்தது. சுத்தமான பத்திரிகைதானே கேட்டார்கள்? துண்டுத்தாளையும் வீணாக்காமல் உறைக்குள்ளேயே போட்டு, இருந்த இடத்தில் வைத்தேன். காலையில் எல்லோரும் ஆச்சரியப்படட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை, ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் கம்பெனி வேனை விட்டு இறங்கி, பட்டுப்பாவாடையோடு நான் முன்னால் நடக்க, கல்யாண ஜோடி பின்னால் வந்தது. வேறு வழி தெரியாமல், கெஞ்சியாவது பார்க்கலாம் என்று அப்பா உறையைப் பிரிக்காமலே பத்திரக்காரரிடம் நீட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"மணமகள் ருக்குமணி... ஏனுங்க, அம்மா பேரு ருக்குமணிங்களா?"

நான் கைதட்டலாமா என்று பார்த்தேன். அப்பா என் பக்கம் திரும்பிய திருப்பில் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. அம்மா மட்டும் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்.

"எங்கக்காளுங்க. அவங்களுக்குத்தான் நிச்சயம் பண்ணியிருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கறப்ப அவங்களுக்குப் புடிச்சவரோட போயிட்டாங்க. பந்தக்கால் நட்டாச்சு, நிறுத்த முடியாதுன்னு எங்கப்பாரு என்னைய உக்கார வெச்சாரு. மீதியிருந்த பத்திரிகையில என்ற பேர ஒட்டுனாங்க."

அம்மாவுக்கு ஓர் அக்கா இருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பல்லடத்தில் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீட்டில் அப்படி ஒருவருடைய போட்டோகூடக் கிடையாது. எல்லாவற்றையும் அப்புச்சி ஒரே நாளில் அடுப்பில் போட்டார் என்பதும், அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார் என்பதும் பின்னால் கேள்விப்பட்டது. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், ஊருக்குப் போனவர் ஒரு வாரத்தில் திரும்பி வந்திருக்கலாமே என்பதுதான்.

பத்திரக்காரர் நல்லவர். யோசித்துவிட்டு, "அப்ப அந்தம்மாவே வந்து, கல்யாணம் பண்ணுனது நானில்லை, என்ற தங்கச்சிதான்னு எழுதிக் குடுத்து, சாட்சிக் கையெழுத்தும் போட்டாங்கன்னா சுலபமுங்க" என்றார்.

"அது எங்கிருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அப்பா.

"முதலிபாளையத்துல, தொழிற்பேட்டைக்குப் பின்னால லைன் ஊடு. மூணாவது கதவு" என்றார் அம்மா.

அப்பா சட்டென்று அம்மா பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக, "உங்கப்பாருக்குத் தெரிஞ்சா என்னாகறது?" என்றார்.

"அவருக்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லீங்களே."

அப்பா அம்மாவை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். என்னையும் ஏற்றிக்கொண்டு கம்பெனி வேனைக் கிளப்பினார்.

மூன்றாவது கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் தையல் மெஷினில் உட்கார்ந்து பனியனுக்குக் கழுத்துப்பட்டி அடித்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றார். அப்பா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். முறை வைத்துக் கூப்பிடவும் இல்லை.

"ஒரு கையெழுத்து வேணுமுங்க" என்று மட்டும் சொல்லி, விவரத்தை நாலு வார்த்தையில் முடித்து, பத்திரிகையை நீட்டினார்.

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இத யாருங்க வெச்சிருந்தது?"

"உங்க தங்கச்சிதானுங்க. கூறைச்சேலைக்குள்ள."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பதைப்பாகிவிட்டது. கல்யாணம் நின்றுபோனால் வகுப்பில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? "பெரியம்மா, சீக்கிரம் வாங்க! ஆபீஸ் மூடிருவாங்க!" என்று கத்தினேன். அப்படிக் கூப்பிட யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்மாவின் அக்கா என்றால் பெரியம்மாதானே. அவர் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். ஐந்தே நிமிடத்தில் பெரியம்மா வேறு சேலை மாற்றிக்கொண்டு வேனில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வேப்பமரத்தடியில் அம்மா பூப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பன்னிரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பெரியம்மா கிட்டே போனார், பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார்.

"ஏம்புள்ள, கல்யாணப் பொண்ணு தலையில பூவில்லாம நிக்கற?" என்று சொல்லி, அம்மாவைத் திருப்பி நிறுத்தித் தலையில் வைத்துவிட்டார்.

அதற்குப்போய் அம்மா அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதார். எனக்கு மகா வெட்கமாக இருந்தது. கல்யாணத்தன்று யாராவது அழுவார்களா?

மற்றதெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. சாட்சிக்கு என்ன உறவு என்ற இடத்தில் பெரியம்மா தன் கையால் அக்கா என்று எழுதினார். நான் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தேன், ஆபீசருக்கு இரண்டு. பாஸ்போர்ட் வந்தது. அம்மா ஜெர்மனி போய் வந்தார். அங்கே குளிரில் ஸ்வெட்டர் மேல் சேலையைக் கொசுவம் வைத்துக் கட்டிய கதையை ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். பல்லடத்தில் அப்புச்சி எங்களோடு பேசுவதை நிறுத்தினார். முதலிபாளையத்தில் எனக்கு இன்னொரு வீடு கிடைத்தது.

ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த காரியம்தான் எனக்குச் சரிப்படவில்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய, பின்னால் சர்டிபிகேட் வாங்கக் காட்ட வேண்டிய ரசீதை, கம்பெனி பைலில் நூல் பில்களோடு சேர்த்துச் செருகிவிட்டார். மிஸ்பிரிண்ட் பத்திரிகையைக் கூறைச்சேலைக்குள் வைத்து மடிக்கத் தொடங்கினார். நான் செய்த சேதத்தைச் சரிசெய்யலாம் என்று, "மைதா காச்சித் திரும்ப ஒட்டட்டுங்களாம்மா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் கண்ணு. ரெண்டு பேரும் இருக்கட்டும்" என்றார். பத்திரிகையின் மேல் துண்டுத்தாளை ஒட்டாமல் வைத்துப் பெட்டியை மூடினார்.

கெட்டுப்போனதைப் பத்திரப்படுத்துகிற இவர் என்ன முதலாளியோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நேராகக் கம்பெனிக்குப் போனேன். அப்பா கட்டிங் டேபிள் மேல் துணியை விரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா, பெரியம்மா பேரு மிஸ்பிரிண்ட்டுங்களா, அம்மா பேரு மிஸ்பிரிண்ட்டுங்களா?"

அப்பா துணியைத் தடவித் தடவிச் சுருக்கம் நீக்கினார். சுருக்கமே இல்லாத இடத்திலும் தடவினார்.

"ரெண்டும் இல்ல சாமி" என்றார்.

அப்படியென்றால் தப்பு முழுக்க அச்சாபீஸ்காரன் மேல்தான் என்று முடிவுகட்டி, அவனை மனதாரத் திட்டிவிட்டு, பாவாடையை மாற்றாமலேயே தெருவுக்கு விளையாட ஓடினேன்.