நெருப்புப்பெட்டியும் மூன்று தொப்பிகளும்

என் தங்கையின் பிள்ளைக்கு நான் பின்னிய தொப்பி ஒரு தோடம்பழத்துக்குத்தான் அளவாக இருந்தது. பிள்ளையின் தலையில் வைத்தால் உச்சியில் ஏறிக் குந்திக்கொண்டு, பிள்ளை தும்மியதும் உருண்டு விழுந்தது.

"இது தலைக்கோ, முழங்காலுக்கோ?" என்று என் மனுசன் கேட்டார். அன்றைக்கு அவர் தன் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார்.

நான் பிழை விடவில்லை. வாரப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே பின்னினேன். எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். குறோசே நூல் வேண்டுமென்றால் வீட்டில் உள்ள மேசை விரிப்பைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். என் கலியாணத்துக்கு வந்த விரிப்பைப் பிரித்துத்தான் அந்தத் தொப்பியைப் போட்டேன். மேசையும் அம்மணம், பிள்ளையும் அம்மணம்.

பின்னல் குறிப்பின் கீழே எழுதியவரின் பெயர் இருந்தது. ஊர் திருகோணமலை என்றும் போட்டிருந்தது. அடுத்த நாளே பாலையூற்றிலிருந்து பஸ் ஏறினேன். சட்டைத் தெறியும் நாடாவும் விற்கிற கடைக்காரரிடம் கேட்டேன். கை நீட்டி வழி காட்டினார். துறைமுக டொக்யாட்டில் வேலை செய்கிற ஒரு கிளாக்கரின் வீடு. வேலியோரம் நின்ற மான்களை விலத்திக்கொண்டு உள்ளே போனேன்.

கதவைத் திறந்த பெண் என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல்.

"பேப்பரில தொப்பி போட்டது நீங்களோ?"

"ஓம். என்ன விசயம்?"

"இந்தாங்கோ. உங்கட சீனிப் போத்தலுக்குப் போட்டு விடுங்கோ. அதுக்குத்தான் அளவு."

அவர் பயந்துபோய்த் தொப்பியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வரி வரியாக எண்ணினார். "எண்ணிக்கை எல்லாம் சரியாத்தானே கிடக்கு" என்று தனக்குள் சொன்னார்.

"எனக்கு எண்ணத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்?"

"ஐயோ இல்லைத் தங்கச்சி. இருங்கோ." கதிரையை இழுத்துப் போட்டார். "பேப்பருக்கு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. போன முறை அச்சில ஒரு வரி விடுபட்டு, பிள்ளைச் சட்டையில கை போட ஓட்டை இல்லாமப் போச்சுது. இன்னொரு முறைப்பாடு வந்தா பக்கத்தைக் கொழும்பில வேற ஆளிட்டைக் குடுத்திடுவினமாம்."

"குடுத்தாக் குடுக்கட்டும். இதுக்கென்ன சம்பளமே தருகினம்?"

அவர் பத்திரிகையை எடுத்துத் தன் பெயரில் விரலை வைத்தார். "கோயில் நோட்டீசில திருமதி எண்டு போட்டு அவரின்ர பேர். பள்ளிக்கூடத்தில பிள்ளையளின்ர அம்மா. கூப்பன் கடையில கிளாக்கர் வீட்டு அம்மா. என்ர பேர் கிடக்கிற இடம் இது ஒண்டுதான், தங்கச்சி."

இரக்கம் வந்தால் எனக்குக் கோபம் இன்னும் கூடும்.

"அப்ப அச்சில போட முந்தி ஆரிட்டையும் குடுத்துப் பின்னிப் பாக்கிறதுதானே?" என்று கத்தினேன்.

"அதுக்கு ஆர் வருவினம்?"

"ஏன், ஆரும் வருவினம்."

"நீங்கள் வருவியளோ?"

சண்டைக்குப் போன இடத்தில் வேலை எடுத்துக்கொண்டு வீடு வந்தவள் நான். சம்பளமில்லாத வேலை. என் மனுசன் சிரித்த சிரிப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்தார்கள்.

கிழமைக்கு ஒருநாள் அந்த அக்காவிடம் போவேன். அக்கா ஒரு குறிப்பைத் தருவார். நான் வீட்டில் பின்னிக்கொண்டு போய்க் காட்டுவேன். பிறகு அதைப் பிரித்து, அதே நூலில் அடுத்ததைப் பின்னுவேன். ஒரே நூல் தொப்பியாகி, கால்மேசாகி, பால்சாடி மூடியாகி, கடைசியில் பழைய திரிபோலக் கறுத்துப் போயிற்று.

என் முறை ஒன்றுதான். எழுதாததைச் செய்யமாட்டேன். றேடியோ உறைக்கு "தேவையான அளவு தொடரவும்" என்று ஒருமுறை எழுதியிருந்தார். எனக்கு நல்ல புளுகம், பிழை பிடிபட்ட சந்தோசம். நூல் முடியும்வரை தொடர்ந்தேன். அவர் வீட்டு விறாந்தையில் அதை விரித்தபோது றேடியோவிலிருந்து வாசற்படிவரை போனது.

"என்ன தங்கச்சி இது?"

"எங்க நிப்பாட்டுறதெண்டு நீங்கள் சொல்லேல்லை. நான் தொடர்ந்தனான்."

"றேடியோவை நீங்கள் கண்டதே இல்லையோ?"

"நான் கண்டிருக்கிறன். உங்கட கடுதாசி காணேல்லை."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு எங்கே நிறுத்துவது என்று எழுதாமல் விட்டதில்லை. நான் போனாலே கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, தன் கடுதாசியை ஒருமுறை திருப்பி வாசித்துவிட்டுத்தான் என் கையில் தருவார்.

ஒன்று மட்டும் திருந்தவில்லை. நான் பின்னுவதெல்லாம் சின்னதாகவே வந்தது. அக்கா என்மேல் வைத்த நம்பிக்கையில் ஒவ்வொரு குறிப்பிலும் பின்னல் கண்ணிகளைக் கூட்டினார். அந்தப் பிள்ளைத் தொப்பியையும் கூட்டி எழுதினார். இந்த முறை என் தங்கையின் பிள்ளைக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. திருத்திய குறிப்பு பத்திரிகையில் வந்தது. கீழே அவருடைய பெயர்.

சில கிழமைகள் கழித்து நாங்கள் இருவரும் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு முஸ்லிம் பெண் வாசலில் வந்து நின்றார். கிண்ணியாவிலிருந்து துறை தாண்டி வந்தவர். தெறிக்கடைக்காரர் அவருக்கும் வழி காட்டியிருக்கிறார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பையிலிருந்து ஒரு வெள்ளைத் தொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். சோற்றுச் சட்டியை மூடலாம்.

"பேப்பர்ல பார்த்துப் பின்னினேன். என்ட மாப்பிள்ள போட்டுக்கிட்டுத் தொழப் பள்ளிக்குப் போயிட்டு வந்தாரு. நல்ல தொப்பி, எங்க வாங்கினீங்க எண்டு எல்லாரும் கேட்டாங்களாம்."

"சந்தோசம்" என்றேன்.

"என்ன சந்தோசம்? நான் மகள்ட புள்ளைக்கெல்லோ பின்னினேன். நாப்பது நாள் புள்ள. உள்ளுக்கு வெச்சுத் தூக்கிட்டுப் போகலாம். நாளைக்குப் பேப்பருக்கு எழுதத்தான் போறேன். அதுக்கு முன்னால எழுதினவங்கட மொகத்தை ஒருக்காப் பாப்பம் எண்டு வந்தேன்."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். முகம் பார்க்க வந்தவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

"நான் பின்னிப் பாத்தனான். எனக்குச் சரியா வந்தது" என்றேன்.

"அப்ப என்ட கையிலயா பிழை?"

"இருக்கும்."

"இவ ஆரு?" என்று அந்தப் பெண் அக்காவிடம் கேட்டார். "நீங்க காவலுக்கு வெச்சிருக்கிற ஆளா?"

நான் எழும்பினேன். அவரும் எழும்பினார். அப்போதுதான் அக்கா தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தியிருக்க வேண்டும். "இருங்கோ ரெண்டு பேரும்."

இருந்தோம். அலுமாரியில் தனக்கென்று ஒளித்து வைத்திருந்த நல்ல நூல் பந்தை எடுத்து மூன்றாக வெட்டினார். ஒரே அளவில் மூன்று ஊசி. ஒரே குறிப்பு. தொப்பியின் உச்சியை மட்டும் மூவரும் பின்னினோம்.

மூன்று வட்டங்களையும் மேசையில் வைத்தோம். கண்ணிகள் ஒரே எண்ணிக்கை. கிண்ணியாக்காரியின் வட்டம் கோப்பைத் தட்டளவு. அக்காவினது அதைவிடச் சின்னது. என்னுடையது மாமூட்டையை உலுப்பி எடுத்த கடைசி மாவில் சுட்ட பிஸ்கட் அளவு.

அந்தப் பெண் என் வட்டத்தை எடுத்து இழுத்தார். அசையவில்லை. ஊசியைக் குத்திப் பார்த்தார். போகவில்லை.

"உங்கட வாப்பாக்கு என்ன தொழில்?"

"கடல். சாம்பல்தீவில."

"நீங்க வலை பின்னியிருக்கீங்களா?"

"சின்னனில இருந்து."

"அதான். இது தொப்பியில்ல புள்ள. இதுக்குள்ள ஒரு கூனியிறால் போனாலும் தப்பாது."

எங்கள் வீட்டில் முடிச்சு இளகினால் ஐயா அந்த வலையைத் திருப்பி எங்கள் மடியில் எறிவார். ஒவ்வொரு முடிச்சையும் சுண்டி இறுக்கித்தான் அடுத்ததற்குப் போகலாம். குறோசே ஊசியைப் பிடித்த பிறகும் அந்தக் கை அதைத்தான் செய்திருக்கிறது. என் இறுக்கத்தைப் பார்த்துத்தான் அக்கா ஊருக்கெல்லாம் கண்ணி கூட்டியிருக்கிறார்.

"அப்ப நான் ஆரின்ர கைக்கெண்டு எழுதுறது?" என்றார் அக்கா. ஊசியைக் கீழே வைத்தார். "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கை. எனக்கு ஏலாது. பக்கத்தை விட்டிடுறன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. குசினிக்குள் போய் நெருப்புப்பெட்டியை எடுத்துவந்து மேசையில் போட்டேன்.

"வலைக்கு ஆரின்ர கையையும் நம்புறேல்லை. வலைக்கண்ணின்ர அளவுக்கு ஒரு கட்டை வைச்சுத்தான் பின்னுறது. இது எல்லா வீட்டிலயும் ஒரே அளவுதானே? தொடங்க முந்தி இதை மூடுற துண்டு ஒண்டு பின்னச் சொல்லுங்கோ. எத்தினை கண்ணியில மூடவேணும் எண்டு எழுதுங்கோ. காணாட்டிப் பெரிய ஊசி எடுக்கட்டும். கூடினாச் சின்ன ஊசி."

அக்கா நெருப்புப்பெட்டியையும் தன் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உடனே பின்னத் தொடங்கினார்.

"அப்ப பேப்பருக்கு எழுதுறீங்களோ?" என்று கிண்ணியாக்காரியைக் கேட்டேன்.

"எழுதல்ல. ஆனா என்ட மகள்ட புள்ளைக்குத் தொப்பி வேணும்." என் கையைக் காட்டினார். "இவங்க பின்னட்டும். இதே குறிப்பில."

அதே குறிப்பில்தான் பின்னிக் கொடுத்தேன். நாற்பது நாள் பிள்ளைக்கு அளவாக இருந்தது. என் கைக்கு அந்த எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த முறை தொப்பிக் குறிப்பு வந்தபோது முதல் வரியிலேயே நெருப்புப்பெட்டி இருந்தது. கீழே அக்காவின் பெயர், முன்பு இருந்த அதே இடத்தில். முறைப்பாடு வரவில்லை. கிண்ணியாக்காரியும் எங்களோடு சேர்ந்துகொண்டார். இறுக்கக் கை ஒன்று, இளக்கக் கை ஒன்று. அக்கா நடுவில் இருந்து எழுதினார்.

ஒருநாள் அக்கா கேட்டார்: "பின்னிப் பாத்தது எண்டு உங்கட பேரையும் கீழ போடச் சொல்லட்டோ?"

"வேண்டாம்."

"ஏன் தங்கச்சி?"

"பேர் போட்டா ஆரும் தொப்பியைக் கொண்டு சண்டைக்கு வருவினம். தெறிக்கடைக்காரர் வழியும் காட்டி விடுவார்."