கண்ணில் ஒட்டிய நுரை

சலவைக்கூடத்தில் அவளுக்குக் கறைக்காரி என்று பெயர். ஓட்டல் விரிப்பில் மையோ, எண்ணெயோ, ரத்தமோ, அவள் கைக்கு வந்தால் போயே போச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேலை தெரிந்தவளுக்கு அதுகூடவா இருக்கக் கூடாது?

அவளோடு சலவைக்கூடத்துக்கு வந்துபோகும் நாலு வயது மகனை எல்லோரும் சுண்டெலி என்பார்கள். வெறும் சோறும் பிஸ்கட்டும் தவிர எதையும் கொறிக்க மாட்டான். போதாக்குறைக்கு வயிற்றுப்போக்கு மாதக்கணக்கில் இழுத்து அவனை எலும்பும் தோலுமாக்கிவிட்டது. அதன்பிறகு பொழுது சாய்ந்தால் மூலையில் உட்கார்ந்தவன் நகரவே மாட்டான். பயந்தாங்கொள்ளி என்று அவளே கேலி செய்தாள்.

ஒருநாள் அவன் கருவிழியை ஒட்டி, வெள்ளை விழியில், சோப்பு நுரை மாதிரி ஒரு திட்டு தெரிந்தது. தன் கையிலிருந்த நுரைதான் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து ஈரத்துணி முனையால் ஒற்றி எடுத்தாள். மறுநாள் அதே இடத்தில் அதே நுரை. இந்த முறை கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள். இப்படியே அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளைக் கூட வேலை பார்க்கும் மெஷின்கார அக்காதான் தடுத்தாள். பையனின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"அடியே, கண்ணுல பளபளப்பே இல்லடி. காஞ்சு கெடக்கு. தொடச்சது போதும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு."

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார்.

"இது நுரை இல்லம்மா. உடம்புல வைட்டமின் ஏ இல்லாம கண்ணோட மேல்பரப்பு காஞ்சு, செதில் செதிலா இப்படிக் குவியுது. பொழுது சாஞ்சா இவனுக்குக் கண்ணு தெரியாதே?"

பயந்தாங்கொள்ளி என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அடுத்தது கருவிழி காயும். அப்புறம் இளகி ஓட்டையாயிடும். அப்படி ஆனா பார்வை போயிடும்மா. நல்லவேளை, இன்னும் அங்க போகல. இன்னைக்கு ஒரு தடவை மருந்து, நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை. இனிமே தொடைக்காதீங்க, காஞ்ச கண்ணு சீக்கிரம் புண்ணாயிடும். காரட், கீரை, முட்டை கட்டாயம் குடுக்கணும்."

"இவன் வாயையே திறக்க மாட்டானே டாக்டர்."

"திறக்க வைங்க."

மறுநாளும் லீவு கேட்டாள். மேற்பார்வையாளர் முறைத்தார். கேட்டதோடு சரி, அவள் பதிலுக்கு நிற்கவில்லை.

மருந்து எப்படியோ இறங்கிவிட்டது. சாப்பாடுதான் இறங்கவில்லை. முட்டையைத் துப்பினான், கீரையைத் துப்பினான், மசித்த காரட்டைச் சோற்றுக்குள் ஒளித்தால் சோற்றையே துப்பினான். அவளா விடுவாள்? கெஞ்சினாள், மிரட்டினாள், கட்டிலைச் சுற்றித் துரத்தினாள். ஒரு வாய் உள்ளே போனால் அன்றைக்கு அவளுக்கு அதுவே வெற்றி.

சில நாட்கள் கழித்து ஒரு மாலை. அறையில் இருட்டத் தொடங்கிவிட்டது, விளக்குப் போடவில்லை. அன்றைக்கு ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. கை ஓய்ந்துபோய்க் கிண்ணத்தோடு சுவரில் சாய்ந்தாள். சத்தம் வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு இறங்கியது.

எதிர் மூலையிலிருந்து குரல் வந்தது. "ஏம்மா அழற?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த இருட்டில், அவ்வளவு தூரத்திலிருந்து!

"அழல. நீ வாயத் திற" என்று கிண்ணத்தோடு எழுந்தாள்.