அம்மாவின் கல்யாண கேசட்டில் வெள்ளைக் கோடு

இன்று தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்கு வார விடுப்பு. அம்மாவின் கல்யாண வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன்.

படம் முழுக்க வெள்ளைக் கோடு. அப்பாவின் முகமே தெரியவில்லை. இறந்துபோன அப்பா நடமாடுவதைப் பார்க்க எங்களுக்கு இருப்பது இந்த ஒரு கேசட்தான்.

வயரை மாற்றினேன். கோடு போகவில்லை. பிளேயரை நேராக டிவியில் மாட்டினேன். அங்கேயும் கோடு. அப்படியானால் கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை.

"இன்னாடா, கேசட்டு கெட்டுப்பூச்சா?" அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இல்லம்மா, பிளேயர் ஹெட்டுல அழுக்கு இருக்கும். தொடச்சுப் பாக்கறேன்."

பிளேயரைத் திறந்து, ஸ்பிரிட்டில் நனைத்த தாளால், நாடாவைப் படிக்கும் ஹெட்டை மெதுவாகத் துடைத்தேன். தாள் கறுப்பானது. மிச்சமிருந்த கோட்டை, படத்தைச் சீராக்கும் டிராக்கிங் பட்டனை அழுத்தி அழுத்தித் திரைக்குக் கீழே தள்ளினேன்.

மாலையும் கழுத்துமாக அப்பா தெளிவாக வந்தார். குனிந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பா இன்னாம்மா சொல்றாரு?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "காலைல நாஷ்டா கூட துன்னலையாம். 'பந்தி எப்ப போடுவாங்கோ'ன்னு கேக்குறாரு."

நான் ஏதோ காதல் வசனத்தை எதிர்பார்த்திருந்தேன்.

உங்கள் வீட்டு மாப்பிள்ளை மணமேடையில் காதோடு சொன்னது என்ன? விசாரித்துவிட்டு வந்து எழுதுங்கள்.