மெக்சிகோவில் என்னைப் படம் எடுத்தது யார்?

இன்று நான் வசிக்கும் ஸ்டோவ்னரில், தமிழ்க் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணம் பேசும் மாலா அன்ரி வழிமறித்தார்.

"தம்பி, மெக்சிகோவுக்குத் தனியவோ போனனீர்?"

"ஓம் அன்ரி."

"அப்ப நீர் இணையத்திலை போட்ட கடற்கரைப் படத்தை எடுத்தது ஆர்?"

"போனை மணலிலை நட்டு, டைமர் வைச்சனான்."

"மேசையிலை ரெண்டு இளநீர் கிடந்ததே?"

"ரெண்டும் நான்தான் குடிச்சனான்."

"பொம்பிளை வீட்டுக்காரரும் படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தவை. வேண்டாமெண்டிட்டினம்."

அங்கே இருந்த ஒரு கிழமையும் என்னுடன் பேசியது ஹோட்டல் வெயிட்டர் மட்டும்தான். அவரும் தினமும் எதிரே காலியாக இருந்த கதிரையைக் காட்டி, "மனைவி எப்போது வருவார்?" என்றார்.

இல்லாத ஒருத்தியால் இருந்த சம்பந்தமும் போய்விட்டது.

படத்தில் அவளைக் கண்டவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்கும் அறிமுகப்படுத்துங்கள்.