கரும்பச்சைக்கு முன்னால் ஒரு முகம்

செக்காலையில் ஃபிளெக்ஸ் டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். பைக்கில் போகிறவர் ஒரு பேனரை இரண்டு மூன்று நொடி பார்த்தாலே அதிகம். அதற்குள் அவர் கண் எங்கே போக வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெளிறியதற்குப் பின்னால் இருட்டு, இருண்டதற்குப் பின்னால் வெளிச்சம். இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால், எவ்வளவு பெரிய படமானாலும் கண் தாண்டிப் போய்விடும். இது தெரிந்தேதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

சாக்கோட்டைப் பக்கம் ஒரு காதணி விழாவுக்குப் பேனர். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் சவுதியில் டிரைவர். லீவு கிடைத்த சந்தோஷத்தில் அங்கிருந்து தினமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

"அண்ணே, ஏம் படம் நல்லாத் தெரியும்ல? நாலு வருசம் கழிச்சு வாரேன்ணே."

முதல் நாள் சிரித்தேன். ஐந்தாம் நாள் எரிச்சல் வந்தது. "தெரியும், தெரியும்" என்று பதிலுக்குக் கத்திவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பேனர் முழுக்கக் கரும்பச்சை. பிள்ளையின் அப்பா போடச் சொன்ன உள்ளூர்ப் பிரமுகரின் வெள்ளைச் சட்டைக்கு அது அத்தனை எடுப்பு. மாமன் அனுப்பியதோ கறுப்புச் சட்டை போட்ட, நிழலில் எடுத்த படம். பச்சையோடு பச்சையாக மங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் கொஞ்சம் மஞ்சள் விட்டிருந்தால் போதும், இரண்டு நிமிட வேலை. 'ரொம்பத்தான் படுத்துகிறார், கிடக்கட்டும்' என்று பிரிண்டுக்கு அனுப்பினேன்.

விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மண்டப வாசலில் சீர்த்தட்டுகளோடு மாமன் நின்றார். வந்த சொந்தக்காரர் ஒருவர் பேனரை அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா, தாய்மாமன் படத்தையே காணோம்?"

"இந்தா, இங்குட்டு இருக்கேன்ல" என்று பேனரில் இருந்த தன் முகத்தைத் தானே விரல் வைத்துக் காட்டினார் மாமன். அடுத்து வந்தவருக்கும் காட்டினார். மூன்றாமவர் கேட்பதற்குள் அங்கிருந்து நகர்ந்துவிட்டார். பந்தியில் பாதிதான் சாப்பிட்டேன். இலையை மூடிவிட்டு, அவர் கண்ணில் படாமல் வந்துவிட்டேன்.

சவுதிக்குத் திரும்பும் முன் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பேனரச் சின்னதா ஒரு பிரேம் போட்டுத் தாரீகளாண்ணே? ரூமுல மாட்டணும். ஏம் மூஞ்சிய மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கிருங்க. அங்கிட்டு அடிக்கிற வெயில்ல கறுத்துப் போனேன்ல, அதான் படத்துல தெரிய மாட்டேங்குது."

முகத்தில் ஒரு குறையும் இல்லை, பின்னால் இருக்கும் பச்சையை மாற்றினால் போதும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று கேட்பார். அவர் முகத்தை வெளுக்க ஆரம்பித்தேன். அது அவர் முகமாக இல்லாமல் போகிற வரைக்கும் வெளுத்தேன்.

திரையைக் குனிந்து பார்த்தார்.

"இப்பத்தாண்ணே மாமன் மாதிரி இருக்கேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.